இரு கண்களும் ஒரு காட்சியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வாண்டுக் கூட்டத்தில் விஞ்ஞான சம்பந்தமான பேச்சு ஒன்றும் இடம்பெற வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் விரும்பினார்கள். விஞ்ஞானம் என்றதும் சந்திரமண்டலம், அணுச்சக்தி என்று எங்கேயோ போய்விடுவது நமது வழக்கம். நான் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. உங்கள் மூக்கின் இரு பக்கத்திலும் இருப்பவற்றைப் பற்றியே பேசப்போகின்றேன்.

படமாளிகையிலே தரும் கறுப்புக் கண்ணாடியை அணிந்து முப்பரிமாணப் படம் பார்த்துவிட்டுத் தலையிடியோடு வீடு திரும்பியவர்கள் இக்கூட்டத்திற் சிலராவது இருப்பீர்கள். தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர்க் கருவிகளும் இப்பொழுது வந்துவிட்டன. அவற்றை ஆசையோடு வாங்கி அணிந்து, கால்மணி நேரத்திலே கழற்றி வைத்தவர்களும் உளர். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால், "எனக்குக் கண் பலவீனம்" என்று தாழ்ந்த குரலிற் சொல்வார்கள். குற்றம் உண்மையிலே கண்ணுடையதுதானா? இதை விசாரிப்பதே என் நோக்கம்.

முதலில் ஒரு பரிசோதனை. இருந்த இடத்தில் இருந்தபடியே செய்யலாம். எல்லோரும் வலக்கையின் பெருவிரலை முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். விரலை உற்று நோக்குங்கள். மேடையில் நிற்கும் நான் இப்பொழுது இரண்டு பேராகத் தெரிவேன், முகமும் மங்கியிருக்கும். இனி என்னைப் பாருங்கள். இப்போது விரல் இரண்டாகிவிட்டது, அதுவும் மங்கல்தான். மூன்றாவதாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் விரலையே நோக்குங்கள். நான் ஒருவனாகிவிட்டேன். ஆனால் மங்கல் நீங்கவில்லை. முன்வரிசையில் உள்ள பெரியோர் சிலருக்கு விரலே எப்பொழுதும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அவர்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களைப் பற்றிய பகுதி பின்னால் வருகின்றது.

இதிலிருந்து அறியக் கிடப்பது யாது? கிட்டவுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. இரு விழிகளும் மூக்கை நோக்கி உட்புறமாகத் திரும்புவது ஒன்று. இதனைத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். திருப்பம் பிழைத்தால் பொருள் இரண்டாகத் தெரியும். விழிக்குள் இருக்கும் வில்லை பருத்துத் தன் வலிமையைக் கூட்டிக்கொள்வது மற்றது. இதனைக் குவிப்பு என்போம். குவிப்புப் பிழைத்தாற் பொருள் மங்கும். ஒரு கண்ணை மூடியபோது இரட்டை நீங்கி, மங்கல் மாத்திரம் எஞ்சி நின்றது இதனாலேதான். வில்லையைச் சூழ்ந்த சிறு தசை வளையம் சுருங்க, வில்லையை இழுத்துப் பிடித்திருக்கும் நுண்ணிய நார்கள் தளர, வில்லை தன்னியல்பாற் பருக்கின்றது என்று 1855ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் விளக்கினார்.

திருப்பத்துக்கும் குவிப்புக்கும் தசைகள் வேறு வேறு. ஆயினும் மூளை அவற்றை ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகளைப்போல ஓட்டுகின்றது. வீட்டுக்குப் போனபின் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். தம்பி ஒருவனை இருத்தி, அவனது ஒரு கண்ணுக்கு முன்னே கடுதாசி மட்டை ஒன்றைப் பிடித்து மறையுங்கள். திறந்திருக்கும் கண்ணுக்கு நேரே, சிறிய எழுத்துகள் உள்ள பென்சில் ஒன்றைத் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்து, எழுத்தைத் தெளிவாக வாசிக்கும்படி சொல்லுங்கள். மறைந்திருக்கும் கண்ணுக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தும் அது மூக்குப் பக்கமாகத் திரும்புவதை மட்டையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாற் காணலாம். ஓர் எருது நடந்தால் மற்றதும் கூடவே நடக்கின்றது.

இவ்வாறு பூட்டி வைத்ததில் இயற்கை தவறு செய்யவில்லை. மரத்தில் இருக்கும் மாங்காய் பத்து மீற்றர் தூரத்தில் இருக்கிறதென்றால், அதன்மேல் விழிகள் சந்திக்க வேண்டிய தூரமும் பத்து மீற்றர். வில்லை குவிக்க வேண்டிய தூரமும் பத்து மீற்றர். உலகத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் இவ்விரண்டு தூரங்களும் ஒன்றேதான். மனிதன் ஒரு கருவி செய்து இரட்டைப் படம் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டும் பிரிந்தன.

அக்கருவியைச் செய்தவர் சாள்ஸ் வீற்ஸ்ரன். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலே பேராசிரியராக இருந்தவர். தந்திக் கருவியோடும் பெயர் சேர்ந்தவர். நமது கண்கள் இரண்டும் ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர் இடைவெளியில் இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சிறிது வேறான பக்கத்திலிருந்து பார்க்கின்றது. அந்த வேற்றுமையைக் கொண்டே மூளை ஆழத்தை அறிகின்றது என்பதை 1838ஆம் ஆண்டில் றோயல் சொசையிற்றிக்கு அவர் எடுத்துக் காட்டினார். முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டைச் செங்கோணமாகப் பொருத்தி, இடப்பக்கம் ஒரு சித்திரமும் வலப்பக்கம் ஒரு சித்திரமும் வைத்தார். இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றும் சென்றன. தட்டையான கோடுகள் எழுந்து கனவடிவமாக நின்றன. புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டிலேதான். ஆகவே வீற்ஸ்ரன் கையாலே வரைந்த படங்களைக் கொண்டே இதைச் செய்தார் என்பதை நினைக்க எனக்கு எப்பொழுதும் வியப்பாக இருக்கும். அவர் இக்கருவிக்கு இட்ட பெயர் ஸ்டீரியோஸ்கோப். நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி என்று நாம் சொல்வதுபோல இதனைத் திண்மக்காட்டி என்று சொல்லிக்கொண்டு போகின்றேன், தமிழறிஞர்கள் பொறுத்தருள்க.

படம் இருப்பது கண்ணிலிருந்து ஒரு குறித்த தூரத்தில். அதைத் தெளிவாகப் பார்ப்பதற்கு வில்லை அந்தத் தூரத்துக்கே குவித்து நிற்க வேண்டும். ஆனால் படத்தில் உள்ள மலை தூரத்திலும், மலைக்கு முன்னே நிற்கும் மரம் கிட்டவும் தோன்றுகின்றன. விழிகளோ மலையைப் பார்க்கும்போது விரிந்தும், மரத்தைப் பார்க்கும்போது உட்புறம் திரும்பியும் அசைய வேண்டியிருக்கின்றது. ஓர் எருதைக் கட்டையில் கட்டிவிட்டு மற்றதை வயல் முழுதும் ஓட்டுவது போன்றது இது. நுகம் இழுபடுமா, இழுபடாதா? அந்த இழுபாடுதான் கண் வலியாகவும், நெற்றி நோவாகவும், சிலருக்குத் தலைச்சுற்றாகவும் வெளிப்படுகின்றது. வீற்ஸ்ரனே இவ்விரண்டையும் வேண்டுமென்று பிரித்துப் பார்த்தவர். 1852ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாம் கட்டுரையில், படத்தின் தூரத்தை மாற்றாமல் விழிகளின் திருப்பத்தை மாத்திரம் மாற்றியபோது, பொருள் சிறுத்தும் பெருத்தும் தோன்றியதை எழுதியிருக்கின்றார்.

கண்ணாடிக்குப் பதிலாக வில்லைகளை வைத்துக் கைக்கடக்கமாகத் திண்மக்காட்டியை அமைத்தவர் ஸ்கொத்லாந்து தேசத்து டேவிட் புறூஸ்ரர். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் விக்ரோறியா மகாராணி அதைப் பார்த்து மகிழ்ந்தபின், வீட்டுக்கு வீடு அது பரவியது. வீற்ஸ்ரனுக்கும் புறூஸ்ரருக்கும் இடையில் யார் முந்தியவர் என்று பத்திரிகைகளிலே பெருஞ் சண்டை நடந்தது. நாம் அதற்குள் போகவேண்டியதில்லை. என் மனத்துக்கு உகந்தவர் மூன்றாமவர். அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்து வைத்தியரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1861ஆம் ஆண்டளவில் மரத்தினாலே எளிய திண்மக்காட்டி ஒன்றை அமைத்தார். ஒரு கைபிடி, இரண்டு வில்லை, முன்னே நீண்ட ஒரு சட்டம். இவ்வகைத் திண்மக்காட்டியின் சட்டத்தின்மேல் முன்னும் பின்னும் நகரும் படந்தாங்கி ஒன்று இருந்தது. உரிமைப் பத்திரம் எடுத்துக் காசு சம்பாதிக்கவும் அவர் முயலவில்லை. ஆகவே யாரும் அதைச் செய்து மலிவாக விற்றார்கள்.

அந்த நகரும் படந்தாங்கியைத்தான் நான் குறிப்பாகச் சொல்ல வந்தேன். கிட்டப்பார்வை உள்ளவன் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வான். தூரப்பார்வை உள்ளவர் அப்பால் தள்ளிக்கொள்வார். பாட்டியின் கைக்கு வந்தால் பாட்டிக்கு ஏற்றபடி. பேரனின் கைக்குப் போனால் பேரனுக்கு ஏற்றபடி. கண்ணுக்குத் தக்கதாகக் கருவியைத் திருத்துவது என்ற எண்ணம் அந்த மரத்துண்டில் இருந்தது. அதன் பின்வந்த பெரிய பெரிய கருவிகள் பலவற்றிலே இது இல்லாமற் போயிற்று.

இது ஏதோ பழைய காலத்து விளையாட்டுச் சாமானைப் பற்றிய கதை என்று எண்ணிவிடாதீர்கள். நான் கண்ணாற் கண்ட ஒன்றைச் சொல்கின்றேன். நான் படிக்கும் சர்வகலாசாலையிலே, ஆகாயத்திலிருந்து எடுத்த நிலப்படங்களைத் திண்மக்காட்டியினாற் பார்த்து மேடு பள்ளங்களை வரைவது ஒரு செய்முறைப் பாடம். ஒரே நிலத்தை விமானம் இரண்டு இடங்களில் நின்று பார்த்ததுபோன்ற இரண்டு படங்கள் மேசைமேல் இருக்கும். அவற்றின்மேல் கால்களுள்ள சிறிய திண்மக்காட்டியை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மலை எழுந்து வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. வகுப்பை நடத்தியவர், "மற்றவர்களுக்கெல்லாம் தெரிகிறது, உமக்கு மாத்திரம் ஏன் தெரியவில்லை? கண்ணை வருத்திப் பாரும்" என்றார். அவளும் வருத்திப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாடத்தையே விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள்.

பின்பு ஆய்வுகூடத்து உதவியாளர் ஒருவர், பட்டம் பதவி ஒன்றும் இல்லாதவர், அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தார். அவளது கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 5.6 சென்ரிமீற்றர். அவள் முறைப்படி வில்லைகளைத் தன் கண்களுக்கு ஏற்றவாறு நெருக்கியே வைத்திருந்தாள். ஆனால் படங்களோ, ஒரே இடம் ஒரு படத்திலிருந்து மறுபடத்துக்கு 6.5 சென்ரிமீற்றர் விலகியிருக்கும்படி, மேசையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன. வில்லையின் குவியத்தூரம் பத்துச் சென்ரிமீற்றர் அளவு. கணக்குப் பார்த்தால், அவளுடைய விழிகள் ஒன்றுக்கொன்று ஐந்து பாகையளவு வெளிப்புறமாக விரிந்தால் மாத்திரமே படங்கள் ஒன்றாகும். நமது கண்கள் உட்புறம் எவ்வளவோ திரும்பும். வெளிப்புறம் விரிவதோ மிக மிகச் சிறிது. அவளால் முடியாததை, இங்கிருக்கும் எவராலும் முடியாததை, கண்ணை வருத்திச் செய்யும்படி சொல்லியிருக்கிறார்கள்! உதவியாளர் ஒட்டுத் தாளைக் கிளப்பிப் படங்களை ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக நெருக்கி வைத்தார். மலை எழுந்து நின்றது.

வளர்ந்தவர்களின் கண்மணி இடைவெளி சராசரி 6.3 சென்ரிமீற்றர். பெரும்பாலோருக்கு அது 5.4க்கும் 7.4க்கும் இடையில் இருக்கும். பெண்களுக்குச் சராசரி சற்றுக் குறைவு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. சராசரி மனிதனுக்கென்று அமைத்த கருவி ஒன்று, சராசரியாக இல்லாதவர்களை வரிசையாகத் தலையிடியோடு அனுப்பிவிடுகின்றது. சப்பாத்துக் கடையிலே எல்லோருக்கும் ஒரே அளவுச் சப்பாத்தை நீட்டினால் நாம் பொறுப்போமா?

படமாளிகைக்கு வருவோம். 1952ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் "புவானா டெவில்" என்ற படம் வெளிவந்து, முப்பரிமாண மோகம் ஒன்றைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு வந்த "ஹவுஸ் ஒவ் வக்ஸ்" என்ற புகழ்பெற்ற படத்தை நெறிப்படுத்திய ஆந்திரே டி தொத் என்பவருக்கு ஒரு கண் இல்லை என்பது ஒரு விசித்திரம். தான் ஆக்கிய ஆழத்தைத் தானே காணமுடியாதவர். அந்தக் காலத்திலே இரண்டு படச்சுருள்களை இரண்டு யந்திரங்களில் ஓட்டி, இரண்டையும் ஒரே திரையில் விழுத்தினார்கள். ஒரு சுருள் அறுந்து, அதை ஒட்டும்போது ஒரு துண்டு குறைந்துவிட்டால், மற்றச் சுருளிலும் அதே துண்டை வெட்டவேண்டும். வெட்டாவிட்டால் இடக்கண்ணுக்கு ஒரு கணமும் வலக்கண்ணுக்கு வேறொரு கணமும் தெரியும். ஒரு யந்திரம் சிறிது உயர்ந்துவிட்டாலோ, ஒரு கண் மேலேயும் மற்றக் கண் கீழேயும் பார்க்கவேண்டி வரும். அப்படிப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு இல்லவே இல்லை. இரண்டு வருடத்துக்குள்ளே மோகம் தணிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சனங்களின் தலையிடி அவற்றுள் ஒன்று.

வேறொரு கேடும் உண்டு. சிறிய திரையிலே பார்த்து ஆக்கிய படத்தைப் பெரிய திரையிற் காட்டுவது. ஒரு மீற்றர் அகலத் திரையில் தூரத்து மலையின் இரண்டு விம்பங்களும் ஒரு சென்ரிமீற்றர் விலகியிருந்தால் குற்றமில்லை. அதே படத்தைப் பத்து மீற்றர் திரைக்குப் பெருப்பித்தால் விலகல் பத்துச் சென்ரிமீற்றர் ஆகிவிடும். மனிதனின் கண் இடைவெளியோ ஆறு சொச்சம். மறுபடியும் என் வகுப்புத் தோழியின் கதைதான். இம்முறை மண்டபம் நிறைந்த சனங்களுக்கு.

எவ்வளவு பிரித்தால் கண் பொறுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுக்கும் வைத்தியர்கள் டயொப்டர் என்ற அளவைக் கையாளுகிறார்கள். ஒன்றை, மீற்றரில் அளந்த தூரத்தாற் பிரித்தால் வருவது அது. இரண்டு மீற்றர் தூரத்துப் பொருளுக்கு அரை டயொப்டர். அரை மீற்றருக்கு 2. கால் மீற்றருக்கு 4. மிகத் தூரத்துக்குப் பூச்சியம். திருப்பத்தின் தூரத்தையும் குவிப்பின் தூரத்தையும் இவ்வாறு எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இழுபாட்டின் அளவு வரும். அது ஏறக்குறைய அரை டயொப்டருக்குள் இருந்தாற் பெரும்பாலோர் பொறுப்பார்கள் என்பது பொறியியலாளர் பலர் கைக்கொள்ளும் விதி. எல்லோர்க்கும் பொருந்தும் சட்டம் அல்ல. ஆயினும் நல்ல வழிகாட்டி.

இந்த விதியை வைத்துப் பார்த்தாற் பல விஷயங்கள் துலங்கும். கையிலே 40 சென்ரிமீற்றரிற் பிடித்துப் பார்க்கும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2.5 டயொப்டர். அரை கூட்டினால் 3, அரை குறைத்தால் 2. அதாவது 33 சென்ரிமீற்றரிலிருந்து 50 சென்ரிமீற்றர் வரைதான் வசதியான ஆழம். ஒரு சாணுக்குள் உலகத்தை அடக்கவேண்டும். நிண்டெண்டோ கம்பனி 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கையடக்க முப்பரிமாண விளையாட்டுக் கருவியின் ஓரத்திலே, ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும், முற்றாக இல்லாமற் செய்யவும் ஒரு நகரும் பொத்தான் இருந்தது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஆழத்தைக் காட்டவேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. அதே கம்பனி 1995இல் விற்ற "வேர்ச்சுவல் போய்" என்ற சிவப்பு விம்பக் கருவியிலும் கண்ணிடைவெளிக்கு ஒரு திருகும் குவிப்புக்கு ஒரு நகர்த்தியும் இருந்தன. அது ஓராண்டுக்குள் கைவிடப்பட்டதற்குக் காரணங்கள் வேறு. அந்த இரண்டு பொத்தான்களும் நல்ல பொத்தான்கள்.

மாறாக, திரை இரண்டு மீற்றர் தூரத்தில் இருந்தால் அது அரை டயொப்டர். அரை கூட்டினால் 1. அரை குறைத்தாற் பூச்சியம். ஒரு மீற்றரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் வசதி! தலையில் மாட்டும் கருவிகளைச் செய்வோர் பலர் விம்பத்தின் குவிப்புத் தூரத்தை இரண்டு மீற்றர் அளவிலே நிறுத்துவது இதனால்தான். திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், இடையிலுள்ள வில்லை அதைத் தூரத்திலே தள்ளிக் காட்டும். மைக்ரோசொவ்ற் கம்பனியின் ஹொலோலென்ஸ் கருவி இவ்வாறு இரண்டு மீற்றரிலே நிறுத்தப்பட்டது. அதற்குப் படம் ஆக்குவோருக்குக் கம்பனி கொடுத்த அறிவுரை, பொருள்களை 1.25 மீற்றருக்கும் 5 மீற்றருக்கும் இடையில் வையுங்கள் என்பது. ஆனால் சிறுவர்களுக்கு எது பிடிக்கும்? பட்டாம்பூச்சி மூக்கு நுனியில் வந்து இருக்கவேண்டும். கால் மீற்றரில் இருக்கும் பூச்சிக்கு விழிகள் 14 பாகையளவு உட்புறம் திரும்பும். அது 4 டயொப்டரின் வேலை. வில்லையோ அரையிலே நிற்கவேண்டும். இழுபாடு மூன்றரை. பொறுக்கும் அளவுக்கு ஏழு மடங்கு.

இது வெறும் ஊகம் அல்ல. கலிபோர்னியாவின் பேர்க்கிளிச் சர்வகலாசாலையிலே பேராசிரியர் மாட்டின் பாங்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும், திருப்பத்தையும் குவிப்பையும் வேண்டியவாறு பொருத்தவும் பிரிக்கவும் கூடிய காட்சிக் கருவி ஒன்றை அமைத்தார்கள். 2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: இரண்டும் பொருந்தும்போது விம்பங்கள் விரைவாக ஒன்றாகின்றன, ஆழம் நுட்பமாகத் தெரிகின்றது, களைப்புக் குறைகின்றது; பிரித்தால் மூன்றும் கெடுகின்றன. பார்த்தவர்களின் கண்கள் மாறவில்லை. கருவியின் அமைப்பு மாத்திரமே மாறியது. ஆகவே "எனக்குக் கண் பலவீனம்" என்று சொன்னவர்களின் வழக்கிலே, இதை ஒரு முக்கிய சாட்சியாக நான் முன்வைக்கின்றேன்.

பரிகாரமும் தேடப்படுகின்றது. 2018இல் வெளிவந்த "மஜிக் லீப்" என்ற கருவி, கிட்டத்துக்கு ஒன்றும் தூரத்துக்கு ஒன்றுமாக இரண்டு குவிப்புத் தளங்களை வைத்தது. அதே ஆண்டில் பேஸ்புக் கம்பனியின் ஆய்வுகூடத்தார், பார்ப்பவரின் விழி எங்கே நோக்குகின்றது என்பதை அறிந்து திரையையே முன்னும் பின்னும் நகர்த்தும் மாதிரிக் கருவி ஒன்றைக் காட்டினார்கள். அந்த மரத் திண்மக்காட்டியின் படந்தாங்கி, யந்திரம் பூட்டித் திரும்பி வந்திருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். 2019இல் நகரும் உறுப்பே இல்லாமல், திரவப் பளிங்கு வில்லைகள் ஆறினை அடுக்கி, ஒவ்வொன்றையும் மின்சாரத்தால் இயக்கியும் நிறுத்தியும் அறுபத்துநான்கு குவிப்புத் தூரங்களைப் பெற்றார்கள். ஆறு வில்லைக்கு எப்படி அறுபத்துநான்கு என்று தம்பிமார் யாராவது கேட்டால், இரண்டை ஆறு தரம் பெருக்கிப் பார்க்கச் சொல்லுவேன்.

இனி, பெரியோர்களுக்குக் கொடுத்த வாக்கு. பத்து வயதுப் பிள்ளையின் வில்லை பன்னிரண்டு டயொப்டருக்கு மேலே குவிக்கும். வயது ஏற ஏற வில்லை இறுகுகின்றது. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வருகின்றது. அறுபதில் எஞ்சுவது ஏறக்குறைய ஒரு டயொப்டர். ஆனால் விழிகள் திரும்பும் ஆற்றல் அப்படியே இருக்கின்றது. ஆகவே பெரியோர்களாகிய உங்கள் நுகத்தில் ஓர் எருது ஏற்கெனவே படுத்துவிட்டது. மற்றது தனியே நடந்து பழகிவிட்டது. நாங்கள் புதிதாகக் கண்டு முனகும் இந்த இழுபாட்டோடு நீங்கள் பத்திரிகை வாசித்து, ஊசியில் நூல் கோத்து, பல வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். பேரப்பிள்ளை தலையிடி என்று கழற்றி வைத்த கருவியைப் பாட்டனார் ஆறுதலாக அணிந்து பார்ப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒன்று மாத்திரம் கவனியுங்கள். கருவிக்குள்ளே பொருள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், வில்லை குவிக்கவேண்டிய தூரம் இரண்டு மீற்றரே. ஆகையால் அணியவேண்டியது தூரத்துக்கு உரிய கண்ணாடி. வாசிப்புக் கண்ணாடி அல்ல. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, படம் மங்கல் என்று கருவியைக் குறை சொல்கிறார்கள்.

இளைஞர்களுக்குச் சில செய்முறைகள் சொல்லி நிறுத்திக்கொள்கின்றேன். இவை இரட்டை நுணுக்குக்காட்டிக்கும், பறவை பார்க்கும் இருகண் தொலைகாட்டிக்கும், தலையில் மாட்டும் கருவிக்கும் அநேகமாக ஒன்றுதான். முதலில் கண்ணிடைவெளி. உங்கள் அளவை ஒரு முறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை கருவியை நெருக்கியோ விலக்கியோ வையுங்கள். வேறொருவர் பாவித்த கருவி உங்கள் கைக்கு வந்தால் இதைத்தான் முதலிற் செய்யவேண்டும். பின்பு குவிப்பு. இரு கண்களையும் திறந்தபடி ஒரே நேரத்திற் திருகாதீர்கள். தொலைகாட்டியில் வலக்கண்ணை மறைத்து, நடுச்சில்லைத் திருகி, இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அதன்பின் இடக்கண்ணை மறைத்து, வலப்பக்க வளையத்தை மாத்திரம் திருகுங்கள். இரண்டு கண்ணும் ஒரே வலிமை உடையன என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

திருகும் திசையிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. குழாய்க்குள் எட்டிப் பார்க்கின்றோம் என்ற நினைவே இளங்கண்ணைக் கிட்டத்துக்குக் குவிக்கத் தூண்டும். ஆகையால் விம்பம் மிகத் தூரத்துக்கு அப்பாலும் சென்று மங்கும்வரை முதலிலே திருகிவிட்டு, அங்கிருந்து மெல்லத் திரும்பி வாருங்கள். விம்பம் தெளிந்த முதல் இடத்திலே நில்லுங்கள். அதற்கு மேலும் திருகினாலும் இளங்கண் வில்லையைப் பருக்க வைத்துத் தெளிவாகவே காட்டிக்கொண்டிருக்கும். அந்த உழைப்பின் கூலியை ஒரு மணி நேரம் கழித்து நெற்றியிற் பெறுவீர்கள். இடைக்கிடை கருவியை விட்டுத் தலையை நிமிர்த்தி, யன்னலுக்கு வெளியே தூரத்து மரம் ஒன்றைப் பாருங்கள். இரட்டை தெரிந்தாலோ நோவு எடுத்தாலோ, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிறதே என்று நாணி அழுந்திப் பார்த்துக்கொண்டிராமல், அளவுகோலைக் கேளுங்கள்.

கூட்டம் முடிந்தபின் கண்ணிடைவெளியை அளந்துகொள்ள விரும்புவோருக்கு உதவக் காத்திருக்கின்றேன், அளவுகோல் கொண்டுவந்திருக்கின்றேன்.